சிங்கப்பூரின் பழைய உச்ச நீதிமன்றம்: கட்டடத்துக்காகவே ஒரு அரைநாள்

பாடாங் திடலை நோக்கி நிற்கும் சிங்கப்பூரின் பழைய உச்ச நீதிமன்றமும் அதை ஒட்டிய நகர மண்டபமும் 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டன. ஓவியங்களைப் பார்க்கவே பெரும்பாலோர் அங்கு செல்கிறார்கள் என்றாலும், நீதிமன்றக் கட்டடத்துக்காகவே அரைநாள் ஒதுக்கலாம் என்பது என் உறுதியான பரிந்துரை.

பொதுப்பணித் துறையின் ஃபிராங்க் டோரிங்டன் வார்டு வடிவமைத்து 1939 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இக்கட்டடம், கிரேக்க, ரோமானிய மரபைத் தழுவிச் சிங்கப்பூரில் எழுப்பப்பட்ட பெருங்கட்டடங்களில் கடைசியானவற்றுள் ஒன்று. முகப்பில் அணிவகுக்கும் கொரிந்தியத் தூண்களைக் கல்லில் செதுக்கியவை என்றே கண் நம்பும். உண்மையில் அவை இத்தாலியச் சிற்பி ருடால்ஃபோ நோலி அச்சில் வார்த்தளித்த செயற்கைக் கல். அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடவில்லை. தூண்களின் தலைப்பகுதியான போதிகைகளில் மடிந்து விரியும் இலைகளின் நேர்த்தியைப் பார்க்கும்போது, வார்ப்பு வேலையிலும் உளியின் நுட்பத்தைக் கொண்டுவர முடியும் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தூண்களுக்கு மேலுள்ள முக்கோண முகட்டைத்தான் நின்று பார்க்க வேண்டும். நடுவில் நீதிதேவதை, ஒரு பக்கம் காப்பாற்றும்படி இறைஞ்சும் உருவமும், சட்டநூல் ஏந்திய இருவரும், மறுபக்கம் நன்றியோடு வணங்கும் உருவமும், சட்டம் நிலைத்த நாட்டின் வளத்தைச் சுட்டும் வகையில் காளையுடன் நிற்கும் மனிதனும். அன்றைய பிரிட்டிஷ் குடியேற்ற அரசு தன்னைப் பற்றி மக்களிடம் என்ன சொல்ல விரும்பியதோ, அது முழுவதும் இந்த ஒரே சிற்பத் தொகுதியில் இருக்கிறது.

அந்தப் பெருமிதத்தின் மறுபக்கம் உள்ளே தெரிகிறது. சுவர்களில் மரப்பலகை பதித்த நீதிமன்ற அறையை அப்படியே வைத்திருப்பதோடு, விசாரணைக் கைதிகள் காத்திருந்த சிற்றறைகள் இரண்டையும் திறந்து காட்டுகிறார்கள். அந்த இறுக்கமான அறைக்குள் நின்றுவிட்டு நீதிபதியின் உயர்ந்த மேடையைப் பார்த்தால், இக்கட்டடத்தின் உயரமும் அகலமும் யாருக்காகத் திட்டமிடப்பட்டன என்பது விளங்கும். சிறிய குவிமாடத்தின் கீழ் வட்டமாக அமைந்த பழைய சட்ட நூலகத்தையும் தவறவிடக் கூடாது. 1937இல் நாட்டிய அடிக்கல்லின் கீழ், வருங்காலத்தினருக்காக மூடி வைத்த, 3000ஆம் ஆண்டில் திறக்க வேண்டிய காலப்பேழை ஒன்றும் உண்டு.

ஸ்டூடியோ மிலூ நிறுவனம் இரு கட்டடங்களையும் கண்ணாடிக் கூரையாலும் பாலங்களாலும் இணைத்திருக்கும் விதம் பாராட்டத்தக்கது. பழைய சுவர்களை நெருக்காமல் வெளிச்சத்தை உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் பார்வையாளர்கள் இப்போது பெரும்பாலும் இரு கட்டடங்களுக்கும் இடைப்பட்ட வழியாகவே நுழைவதால், தூண்களுக்கிடையே ஏறிச் சென்று உள்ளே புகும் அனுபவம் போய்விட்டது. அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். முகப்பில் காலை வெயில் விழுவதால், காலை 10 மணிக்குக் கதவு திறக்கும் முன்பே திடலின் பக்கம் நின்று முகட்டுச் சிற்பங்களைப் பார்த்துவிடுவது நல்லது.