ரியாத் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறதா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று நைட் டூட்டியில் இரண்டு மணி வைட்டல்ஸ் எடுத்துவிட்டு உட்கார்ந்தபோது, எங்கள் வார்டு ஜூனியர் போனை நீட்டினாள். "அக்கா, எனக்கு ரியாத்ல ஆஃபர் வந்திருக்கு." பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதே பச்சை முத்திரை, அதே 4,500 ரியால் சம்பளம், மருத்துவமனையின் பெயர் மேலே ஒரு ஸ்பெல்லிங், கீழே வேறு ஸ்பெல்லிங். இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்ததும் இதே தாள்தான். விடியும்வரை அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நான் பி.எஸ்சி. நர்சிங். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் மூன்று வருடம் இருந்தேன். அப்புறம் பிரசவம், கைக்குழந்தை என்று பதினான்கு மாதம் வீட்டில். திரும்ப வேலைக்குச் சேர்ந்தபோது மாதம் 15,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் வெளிநாட்டு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கன்சல்டன்சியின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஏ.சி. அறை, சுவரில் விமானப் படம். "லைசென்ஸ் இருக்கா சார்?" என்று என் கணவர் கேட்கத்தான் செய்தார். அந்த ஆள் சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேமைக் கையால் காட்டினார். எழுந்து போய்ப் படிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. பிறகு போலீஸ் சொல்லித்தான் தெரிந்தது, அது ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ்! வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் வருட எமிக்ரேஷன் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். யாரிடம் அது இருக்கிறது என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். லைசென்ஸ் உள்ளவரும் நம்மிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான், ஜி.எஸ்.டி.யோடு 35,400. என்னிடம் வாங்கியது 1,75,000. அம்மாவின் வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

இன்டர்வியூவைச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் வீடியோ கால், அவர் பக்கம் கேமரா ஆஃப். பொட்டாசியம் நார்மல் வேல்யூ என்ன என்று கேட்டார். 3.5 முதல் 5 வரை என்றேன். ஐ.சி.யூ.வில் எத்தனை படுக்கை என்றார். எப்போது கிளம்ப முடியும் என்றார். ஆறு நிமிடம்! ஐ.சி.யூ. நர்ஸ் வேலைக்கு வென்டிலேட்டர் பற்றி ஒரு கேள்வி இல்லை, இதயத் துடிப்புக்கு வலு தரும் இனோட்ரோப் மருந்துகள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கோ அன்றைக்குச் சந்தேகம் வரவில்லை, சுலபமாக முடித்துவிட்டோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

பணம் மூன்று தவணையில் போனது. பதிவுக்கு 5,000, டேட்டாஃப்ளோவுக்கும் (சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம்) ப்ராமெட்ரிக்குக்கும் (கம்ப்யூட்டரில் எழுதும் லைசென்ஸ் தேர்வு) 45,000, ஆஃபர் வந்ததும் "விசா ப்ராசசிங்" 1,25,000. எல்லாமே ஒரு தனி ஆளின் நம்பருக்கு ஜிபே. ரசீது கேட்டால், "ஆடிட்டர் வரட்டும் சிஸ்டர்." ஐந்து மாதம் இழுத்தடித்துவிட்டு, "விசிட் விசாவுல போயிடுங்க சிஸ்டர், அங்க போய் மாத்திக்கலாம்" என்றார்கள். அங்கேதான் எனக்கு உறைத்தது. சவுதி உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ், பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். (பொதுவாக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படாத வகை) ஆக இருந்தாலும் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு தரும் அனுமதி, வாங்க வேண்டும் என்று 2015-இல் விதி வந்துவிட்டது. விசிட் விசா என்பது அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் வழி. அப்படிப் போய் மாட்டிக்கொண்டால் நாம் வேலைக்கு வந்தவர் என்பதற்கே காகிதம் இருக்காது.

பணத்தைவிடப் பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. என் பெயரில் இமெயில் திறந்தது அவர்கள், பாஸ்வேர்டும் அவர்களிடம். புகார் கொடுத்த பிறகு ஒருவழியாக அதை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். டேட்டாஃப்ளோ ரிப்போர்ட் நெகட்டிவ். நான் கால்கூட வைக்காத ஒரு ஊர் மருத்துவமனையின் பெயரில் எனக்கு அனுபவச் சான்றிதழ் போட்டிருந்தார்கள். அந்தப் பதினான்கு மாத இடைவெளியை அடைக்கத்தான். அதன்படி என் மகள் பிறந்த அன்று நான் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸ். "கேப்பை நாங்க பாத்துக்கிறோம்" என்று முதல் நாள் அவர்கள் சொன்னதன் அர்த்தம் இதுதான். சரிபார்ப்புக்குச் சம்மதம் தரும் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. நான்கு தாளில் படிக்காமல் போட்டேன், அதில் ஒன்று அது. டேட்டாஃப்ளோ, சான்றிதழ் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இடத்திலேயே நேராகக் கேட்கும். போலி என்று பதில் வந்தால் அந்தக் கறை ஏஜென்ட் மேல் ஒட்டாது, நம் பெயரில்தான் ஒட்டும்.

இடைவெளி இருந்தால் இருக்கட்டும். எவ்வளவு வரை ஒத்துக்கொள்வார்கள் என்று நாட்டுக்கு நாடு விதி இருக்கிறது, படித்துப் பார்த்துவிட்டு, பிரசவம் என்றால் பிரசவம் என்றே எழுதுங்கள். முமாரிஸ் பிளஸ் (சவுதியில் மருத்துவப் பணியாளர்கள் பதியும் தளம்), டேட்டாஃப்ளோ, ப்ராமெட்ரிக் எல்லாவற்றிலும் நாமே கணக்குத் திறக்கலாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்சுகளை எடுத்து அனுப்புகிறது, அங்கேயும் பதிந்துவையுங்கள். லண்டன் என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி வேலை வாங்கித் தருவதற்காக நர்சிடம் ஏஜென்சி பைசா வாங்கக் கூடாது.

அதன் பிறகு ஒரு மாதம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஏமாந்த கோபத்தைவிட, படித்தவள் இப்படிக் கையெழுத்துப் போட்டேனே என்ற வெட்கம்தான் அதிகம். ஒருநாள் ஹேண்ட்ஓவரில் ஒரு இன்ஃப்யூஷன் ரேட்டை, அதாவது நரம்பு வழியாக மருந்து ஏறும் வேகத்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, அடுத்த ஷிஃப்ட் பெண் பம்ப்பைப் பார்த்துத் திருத்தினாள். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, "ஏம்மா, ஐ.வி. போடுற கை போயிடுச்சா?" என்றார். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். அன்றன்று செய்த புரொசீஜர், எந்த வென்டிலேட்டர் மோட், தெரியாமல் முழித்த மருந்து எது, எல்லாம் அதில். டியூட்டி முடிந்து தினமும் அரை மணி நேரம் டோஸ் கணக்கு. பழைய மருத்துவமனைக்கு நானே போய், பணிபுரிந்த தேதிகளோடு லெட்டர்ஹெட்டில் சான்றிதழ் வாங்கினேன். நர்சிங் கவுன்சில் பதிவு, மார்க் ஷீட் எல்லாம் இப்போது நானே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன்.

எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்த மனு காவல் நிலையத்துக்கு வந்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டார்கள். இதுவரை 40,000 திரும்பியிருக்கிறது. டேட்டாஃப்ளோ ரிப்போர்ட்டுக்கு அப்பீல் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

ஜூனியர் இன்னும் பணம் கட்டவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாளாம். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பிடித்துவைக்க எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை இல்லை. நாளைக்குக் காலை டூட்டி முடிந்ததும் நானும் அவளும் போய் வாங்கிவரப் போகிறோம். என் கணவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.