இன்று இரவு எதைப் பார்க்கலாம்: எய்மி மல்லின்ஸ் பேச்சா, 'விட்னஸ்' படமா?

இரண்டுக்கும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் பொது. எய்மி பிறந்தது அங்குள்ள அலன்டவுனில். 1985-இல் பீட்டர் வியர் இயக்கிய 'விட்னஸ்' நடப்பது லங்காஸ்டர் பக்கத்தில், நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவு மக்களிடையே.

கையில் பத்து நிமிடம்தான் என்றால் டெட் (TED) என்ற சொற்பொழிவு மாநாட்டில் 2009-இல் எய்மி பேசிய பேச்சு. ஒரு வயதிலேயே முழங்காலுக்குக் கீழே இரு கால்களையும் இழந்தவர், 1996 அட்லாண்டா பாராலிம்பிக்ஸில் ஓடியவர். பேச்சில் அனுதாபம் தேடவே இல்லை. தன்னிடம் இருக்கும் பன்னிரண்டு ஜோடிச் செயற்கைக் கால்களைப் பற்றிச் சொல்கிறார். மரத்தில் கொடியும் பூவும் செதுக்கிய ஜோடி ஒன்று. இன்னொன்றைப் போட்டால் உயரமே கூடிவிடும். 'இது நியாயமே இல்லை' என்று தோழி பொறாமைப்படும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

படத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும். எனக்கு இதில்தான் மனம் அதிகம். பிலடெல்பியா ரயில் நிலையத்தில் கொலையைப் பார்த்துவிடுகிறான் ஆமிஷ் சிறுவன் சாமுவேல். அப்புறம் காவல் நிலையத்தில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும் ஒரு செய்தித்தாள் படத்தின் முன் நின்றுவிடுகிறான். கொலையாளி ஒரு போலீஸ்காரர்! சிறுவன் விரல் நீட்ட, துப்பறியும் போலீஸ்காரராக வரும் ஹாரிசன் ஃபோர்டு சத்தமில்லாமல் வந்து அந்த விரலைத் தன் கையால் மூடுகிறார். ஒரு வசனம் கிடையாது. ஊரே கூடி ஒரே நாளில் களஞ்சியம் எழுப்பும் காட்சியிலும் வசனம் குறைவுதான். மோரிஸ் ஜாரின் இசைதான் பேசுகிறது.

துப்பாக்கிச் சண்டை உண்டு, சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். அவர்களோடு என்றால் எய்மிதான் சரி.