சாலையோரத்துக்கு ஒரு விடை, தோட்டத்துக்கு வேறொரு விடை

தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் உதவும்படி பூச்செடி வளர்க்க நினைப்பவருக்குச் செட்டிநாட்டில் நான்கு வழிகள் உள்ளன. கடையில் விற்கும் கலப்பு மலர் விதையைத் தூவலாம்; நாற்றுப்பண்ணையில் அரளியும் இட்லிப்பூவும் வாங்கி நடலாம்; நம் பொட்டலில் தானாக வளரும் செடிகளின் விதையைத் திரட்டி விதைக்கலாம்; அல்லது ஒன்றையும் விதைக்காமல், முளைத்திருப்பதை வெட்டும் நாளை மட்டும் தள்ளிப்போடலாம்.

முதல் வழியை நானே சோதித்துப் பார்த்தேன். இணையத்தில் வாங்கிய ஒரு பொட்டலத்தை ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுத் தோட்டத்தில் தூவினேன். காஸ்மோஸும் சீனியாவும் மார்கழியில் அழகாகப் பூத்துப் பங்குனி வெயிலில் கருகிப் போயின. உறையின் மேல் அச்சிட்டிருந்த மற்றப் பூக்களில் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. இவ்விரண்டும் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டவை என்றாலும், ஓரடுக்குப் பூவாக இருந்தால் தேனீக்கள் அவற்றைத் தேடி வரத்தான் செய்கின்றன. எனவே, தண்ணீர் ஊற்ற ஆளிருக்கும் தோட்டத்தில் அவற்றுக்கு ஓர் ஓரம் ஒதுக்கலாம். காரைக்குடியிலிருந்து திருமயம் செல்லும் சாலையின் சரளைச் செம்மண்ணில் தூவினால் பணம்தான் வீண்.

அரளியின் நிலை வேறு. வறட்சியைத் தாங்கும், நச்சுத்தன்மை இருப்பதால் மாடு தொடாது என்பதால்தான் நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அது வரிசையாக நிற்கிறது. ஆனால் அதன் பூவில் தேன் கிடையாது. வாசனையையும் நிறத்தையும் நம்பி வரும் பூச்சி ஏமாந்துதான் திரும்ப வேண்டும். இட்லிப்பூவில் தேன் உண்டு, ஆனால் அது மெல்லிய நீண்ட குழலின் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் உடைய வண்ணத்துப்பூச்சிக்கு எட்டுமே தவிரச் சிறு தேனீக்களுக்கு எட்டாது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாகவே மாறிவிடுகின்றன. சாமிக்குப் பறிக்க நல்ல பூ, பூச்சிக்கு அதிகம் பயனில்லை.

மூன்றாவது வழிதான் நின்று பார்க்கத் தகுந்தது. ஆவாரம்பூவிலும் தேன் இல்லை; அது கொடுப்பது மகரந்தம் மட்டுமே, அதையும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. அதன் மகரந்தப் பைகள் நெடுக வெடித்துத் திறப்பவை அல்ல, நுனியில் சிறு துளை மட்டுமே உடையவை. காலை ஏழு மணிக்குப் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு புதர் அருகே நின்றால், கட்டைவிரல் நுனியளவு கருவண்டு ஒன்று பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, பறக்கும்போது எழுப்பும் ஒலியைவிடக் கூர்மையான ஓர் இரைச்சலை எழுப்புவதையும், அந்த அதிர்வில் மஞ்சள் தூள் உதிர்ந்து அதன் வயிற்றில் படிவதையும் காணலாம். வண்டு என்று நாம் அழைத்தாலும் அது மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் தேனீ இனம். வயிற்றில் நீல வரிகள் ஓடும் இன்னொரு சிறிய தேனீக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டிகளில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. கத்தரிப்பூவின் மகரந்தப் பையும் இதே அமைப்பு உடையது என்பதால், வேலியோர ஆவாரையை நாடி வரும் இந்தத் தேனீக்கள் பக்கத்துக் கத்தரிப் பாத்திக்கும் வேலை செய்துவிட்டுப் போகின்றன.

ஆவாரையோடு கொழிஞ்சி, தும்பை, துத்தி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கொழிஞ்சியை மாடு விரும்பி மேயாது. வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். அதன் விதையுறை கடினமானது; மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, சுடுநீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்தோ விதைக்காவிட்டால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். எருக்கை நடவே வேண்டாம், பிடுங்காமல் விட்டாலே வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் முட்டையிடும்.

இத்தனை சொன்ன பிறகும், சாலையோரத்துக்கு நான் நான்காவது வழியையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அங்கே விதை ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் முளைக்கும் தும்பை, பூத்து விதை உதிர்க்கும் முன்பே பொங்கலை ஒட்டிச் சுத்தம் என்ற பெயரில் அரிவாளுக்கு இரையாகிறது. மாசி வரை பொறுத்தால் போதும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் சாலையோரப் பூக்கள் விதை உதிர்க்கும்வரை வெட்டுவதைத் தள்ளிப்போடும் வழக்கம் இருக்கிறது. பிரிட்டனில் வெட்டிய புல்லை வாரி அகற்றவும் சொல்கிறார்கள். அது மட்கி அங்கே மண் வளம் கூடினால் புல் மேலோங்கிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். நம்முடைய சரளை மண்ணுக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

வெட்டாமல் விடுவது என்றால் கைகட்டி நிற்பது என்று பொருளல்ல. வளைவுகளிலும் பாலத்தடியிலும் பார்வை மறையாதபடி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டத்தான் வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் வேரோடு பிடுங்க வேண்டும். சீமைக்கருவேலத்தில்தான் எனக்கே தடுமாற்றம்: அதன் பூவில் தேனீக்கள் மொய்க்கின்றன என்பது உண்மை, அதன் நிழலில் தும்பைக்கு இடமில்லை என்பதும் உண்மை. இளங்கன்றுகளை மட்டும் அகற்றுவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

வீட்டுத் தோட்டத்தில் வெறுமனே விட்டுவைப்பது போதாது. கோடையில் வெளியே ஆவாரையும் எருக்கும் தவிரப் பெரும்பாலானவை காய்ந்துவிடும் என்பதால், அந்த இடைவெளியை நிரப்பும் வேலை தோட்டத்தினுடையது. பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் இடத்தில் துளசியும் முருங்கையும் துத்தியும் இருந்தால் சித்திரையிலும் பூ இருக்கும். ஒரு மூலையைச் சிமெண்டு போடாமல் வெறும் மண்ணாக விட வேண்டும். நீல வரித் தேனீ மண்ணைத் தோண்டித்தான் கூடு வைக்கிறது. பழைய வீட்டின் சுவர் வெடிப்பில் பென்சில் தடிமனில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அது கொசுத்தேனீயின் வாசல். வெள்ளையடிக்க வருபவரிடம் அந்தச் சாண் அளவு இடத்தை விட்டுவிட்டு அடிக்கும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் வெடிப்பென்று எண்ணிப் பூசிவிடுவார்.