மணி எந்தப் பக்கம் தொங்குகிறது?

அம்மாவுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன். அப்பாவுக்கு மூன்று வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்னொருத்தரை யார் பார்ப்பது? அதற்காகத்தான் மாசி மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலிருந்து ஐந்து வார லீவில் கோவைக்கு வந்தேன். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் ஏழு வருடமாகக் கேரராக, அதாவது முதியவர்களைப் பார்த்துக்கொள்பவளாக, வேலை பார்க்கிறேன். அதனால் ஒரு இல்லத்துக்குள் நுழைந்தால் எங்கே பார்ப்பது என்று ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம்மூரில் ‘நர்சிங் ஹோம்’ என்றால் பிரசவம் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரரிடம் சொன்னால் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார். நமக்கு வேண்டியதற்கு ‘அசிஸ்டட் லிவிங்’ (உதவியோடு வாழ்வது), ‘பெட்ரிடன் கேர்’ (படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது) என்றுதான் போர்டு வைத்திருக்கிறார்கள். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் மலை தெரிகிற மாதிரி கட்டியிருப்பவற்றில் பல, தானாக நடமாடுகிறவர்களுக்கான வில்லாக்கள். அப்பாவுக்கு அது ஆகாது.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நான்கு இடம் விசாரித்து வைத்திருந்தார். இரண்டு போனிலேயே கழிந்தன. மூன்றாவதில் பகல் பதினொரு மணிக்கு எல்லாரும் கட்டிலிலேயே கிடந்தார்கள், திரும்பிவிட்டோம். நான்காவதில் சேர்த்தோம். இரண்டு பேர் அறை, மாதம் 38 ஆயிரம். டயப்பர், மருந்து, பிசியோ எல்லாம் தனி. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிந்த சான்றிதழைக் கேட்டேன். மேனேஜர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார்.

முதல் நாள் சாயங்காலமே ஒன்று கண்ணில் பட்டது. கூப்பிடுகிற மணி அப்பாவுக்கு இடப்பக்கம் தொங்கியது. தண்ணீர் டம்ளரும் இடப்பக்கம். அந்தக் கைதான் வேலை செய்யாதே! கைக்கு எட்டாதது மட்டும் இல்லை. வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்த சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது, தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான். சொன்னதும் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். ஆனால் சேர்க்கும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி வைத்தவர்கள் அதைப் படிக்கவில்லை என்பது புரிந்துவிட்டது.

நீல யூனிஃபார்ம் போட்ட பெண்கள் எல்லாருக்கும் அங்கே ‘சிஸ்டர்’ என்றுதான் பெயர். யார் நர்ஸ் என்று கேட்டதில், மூன்று வருடம் ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமா படித்தவர் ஒருவர், அவரும் பகலில் மட்டும். மற்றவர்கள் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், எங்கள் இல்லத்திலும் உடம்பு தொட்டு வேலை செய்வது என் போன்ற கேரர்கள்தான். ஆனால் இன்சுலின் போடுவது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

மூன்றாம் நாள் நான்கு மணிக்குப் போனபோது பிபி நோட்டைப் புரட்டினேன். இரவு எட்டு மணிக் கணக்கு அப்போதே எழுதியாகிவிட்டது, 120/80. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் 120/80. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதற்கான தாளிலும் மறுநாள் காலை வரை டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. அப்பாவைத் திருப்பி வால் எலும்பைத் தொட்டுப் பார்த்தேன். நம் நிறத்தில் படுக்கைப்புண்ணின் முதல் சிவப்பு சுலபமாகத் தெரியாது, சூடும் கெட்டித்தன்மையும்தான் காட்டிக்கொடுக்கும். லேசாகச் சூடு இருந்தது. காற்று மெத்தை போட்டுத்தான் இருந்தார்கள். மதியம் கரண்ட் போனபோது அதன் பம்ப் நின்றுவிட்டதாம், யூபிஎஸ் லைனில் ஃபேனும் டிவியும் மட்டும்தானாம்.

“கரண்ட் போனா நாங்க என்ன பண்றதுங்க?” என்றார் மேனேஜர். டிவி பிளக்கைக் கழற்றி இதை மாட்டச் சொன்னேன். மாட்டினார்கள்.

அப்புறம் சாப்பாடு. காலை இட்லி சூடாக, ரசம் மணமாக, குறையே சொல்ல முடியாது. ஊட்டிய விதம்தான் பயமாக இருந்தது. சாய்ந்து படுத்தபடியே ரசம் சாதம். ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்கும்போது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, தமிழ் பேசிப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்து, “தாத்தா, அழகு” என்று சிரிப்பாள். என் வேலையிடத்தில் தாள் எல்லாம் சரியாக இருக்கும், உட்கார்ந்து தலை தடவத்தான் நேரம் இருக்காது. அதற்கு ஒருவருக்கு வாரம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டணம் வாங்குகிறார்கள்.

ஒருநாள் இரவு ஒன்பதரைக்குச் சொல்லாமல் போனேன். மருந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே விட வைத்தேன். 24 பேருக்கு இரண்டு பெண்கள். ஒரு பாட்டியை துப்பட்டாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், எழுந்து விழுந்துவிடுவார் என்று. இங்கிலாந்தில் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரை அடைத்து வைத்துப் பார்த்துக்கொள்வதற்கே முறையான அனுமதி வேண்டும். பாட்டியின் மகனிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. கோபப்படவில்லை, “வேற எங்கீங்க கூட்டிட்டுப் போறது?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முதியோர் ஹெல்ப்லைன் 14567-ஐ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்பாவை மூன்று வாரம் வைத்திருந்தோம். “விடு கண்ணு, பாவம் அந்தப் புள்ளைக” என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். புண் வரவில்லை. அம்மா வாக்கரில் நடக்கத் தொடங்கினாலும் அப்பாவைத் தூக்கித் திருப்ப முடியாது, அதனால் இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இதைவிட நல்ல இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில் போகிறார். போனதும் ஒரு போட்டோ அனுப்புவார்.

நேற்று வந்த போட்டோவில் மணி வலப்பக்கம்தான் இருக்கிறது. டம்ளர் மறுபடி இடப்பக்கம் போயிருக்கிறது. நகர்த்தி வைக்கச் சொல்லி அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறேன்.