குடல் சுத்திப் பொடி என்று யாராவது நீட்டினால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

நேற்றுச் சாயங்காலம் கறிவேப்பிலை கேட்க எதிர்வீட்டு மைனி வீட்டுக்குப் போனேன். அடுப்படி மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், நானும் அம்மாவும் வாங்கி ஏமாந்த அதே குடல் சுத்திப் பொடி டப்பா. பச்சை மூடி, முன்னால் தாடி வைத்த முனிவர் படம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. "மைனி, இத எத்தன நாளா சாப்பிடுதிய?" என்று கேட்டேன். "பத்து நாளாச்சு, நல்லாக் கேக்குது" என்றார். மைனி சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறவர். இந்தப் பதிவை எழுதாமல் நாலு மாதமாகத் தள்ளிப்போட்டேன், மலச்சிக்கலைப் பற்றிப் பொதுவில் பேச வெட்கப்பட்டதுதான் காரணம். இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

எனக்கு 44 வயது. திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏழெட்டு வருஷமாகவே மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒருமுறை போனால் நல்ல வாரம், சில வாரம் ஐந்து நாள் ஆகிவிடும், போனாலும் ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை. முக்கி முக்கி மூலமும் வந்துவிட்டது. ஏன் இப்படி ஆனது என்று இப்போது யோசித்தால் பாதிக் காரணம் கடையிலேயே இருக்கிறது. நாங்கள் பெண்கள் மட்டும் 14 பேர். கழிவறை மூன்றாவது மாடியில் குடோனுக்குப் பின்னால் ஒன்றே ஒன்று, லோடு இறக்குகிறவர்களுக்கும் அதுதான். உள்தாழ்ப்பாள் சரியாக விழாது, ஒருத்தி போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையில் ஒரு காபி, மதியம் சோற்றுக்கு இரண்டு மடக்கு, அப்புறம் ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்தி வீட்டுக்கு வந்தால்தான். நடுவில் வந்தாலும் அடக்கிக்கொள்வோம். அடக்க அடக்க மலத்தில் இருக்கிற நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது இன்னும் கெட்டிப்படும், கொஞ்ச நாளில் வருகிற உணர்வே மங்கிப்போகும் என்பதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

சரி, பொடிக்கு வருகிறேன்.

பொங்கல் முடிந்து ஒரு பொருட்காட்சிக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஒரு ஸ்டாலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், பிளாஸ்டிக்கில் செய்த குடல் ஒன்றை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குடலுக்குள் கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டவைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் குடலிலும் 5 கிலோ பழைய மலம் ஒட்டிக் கிடக்கிறது, அதுதான் வாயு, மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அம்மாவுக்கு 68 வயது, அம்மாவுக்கும் மலச்சிக்கல் உண்டு. சின்ன வயசில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போகவைப்பார்கள், அது மாதிரிதானே என்று அம்மா உடனே நம்பிவிட்டார். ஒரு டப்பா 200 கிராம், 2,200 ரூபாய். ஆளுக்கு மூன்று மாதம், மொத்தம் ஆறு டப்பா, சேர்த்து வாங்கினால் 11,000. அது கிட்டத்தட்ட என் ஒரு மாதச் சம்பளம். ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள், அதில் கடைப் பெயர்கூட இல்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி ஒரு ஸ்பூன் வெந்நீரில் போட்டுக் குடித்தால் விடியற்காலையில் ஓடவேண்டியதுதான். வருஷக்கணக்காகக் கஷ்டப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கடையில் இரண்டு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன். அவர்களிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு ஸ்பூன் போதவில்லை. வயிற்றைப் பிசைகிற மாதிரி வலி, தண்ணீராகப் போவது, ஒருநாள் குடிக்காவிட்டால் சுத்தமாக நின்றுவிடுவது. பொடி விற்றவருக்குப் போன் செய்தால் "கழிவு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறி, ரெண்டு ஸ்பூனாக் கூட்டிக்கோங்க" என்றார்.

அம்மாவுக்குக் கெண்டைக்காலில் பிடிப்பு வர ஆரம்பித்தது. ராத்திரியில் காலை நீட்டி "அய்யோ" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். கை கால் அசதி, பேச்சுக்கூட மெதுவாகிவிட்டது. அதையும் போனில் சொன்னேன். "நச்சு இறங்குது, அப்படித்தான் இருக்கும், நிறுத்திறாதீங்க" என்றார். அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வயசான மனுஷி இத்தனை நாளாகத் தண்ணீராகப் போகிறார், கால் இழுக்கிறது என்று சொன்ன பிறகும், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

34-வது நாள் விடியற்காலை அம்மாவால் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. "ஏட்டி, காலு எங்கிட்டே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டியூட்டி டாக்டர், சின்னப் பெண், என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். பிரஷர் மாத்திரை, கால்சியம் மாத்திரை என்று எல்லாவற்றையும் சொன்னேன், பொடியைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை. இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் திரும்ப வந்தார். "கசாயம், சூரணம், பொடி, யாராவது கொடுத்தது, எதுவாயிருந்தாலும் சொல்லுங்கக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். அப்போதுதான் சொன்னேன். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6 இருந்தது. 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். இவ்வளவு இறங்கினால் தசை தளர்வதோடு நிற்காது, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்றார்கள். நாலு நாள் உள்ளே வைத்து டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றினார்கள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் போகும். அம்மா எடுக்கிற பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகமாக வெளியேற்றுகிற வகை, அதிலும் பொட்டாசியம் போகும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

பொடியில் என்னதான் இருந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று, அம்மா வீட்டுக்கு வந்ததும் அரசு மருத்துவமனையில் இருக்கிற சித்த மருத்துவப் பிரிவுக்கு டப்பாவைக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டர் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், முகர்ந்தார், நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "பெரும்பாலும் நிலாவாரை இலைதான். கொஞ்சம் கடுக்காய், இந்துப்பு. வேற ஏதாவது கலந்திருந்தா லேப்லதான் தெரியும்" என்றார். நிலாவாரை நம்ம பக்கம் விளைகிற சரக்குதான். திருநெல்வேலி பெயரை வைத்தே, டின்னவெல்லி சென்னா என்று, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குக் கப்பலேறுகிற இலை. நாட்டு மருந்துக் கடையில் சொற்பக் காசுக்குக் கிடைப்பதை 2,200 கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

நிலாவாரை கெட்ட மருந்து இல்லை, அதையும் அவரே சொன்னார். அதில் இருக்கிற சென்னோசைடு என்ற சத்தைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அது குடல் சுவரைத் தூண்டிச் சுருங்க வைக்கும், 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். இங்கிலீஷ் மருந்துக் கடையில் கிடைக்கிற சில மலமிளக்கி மாத்திரைகளிலும் இதே சத்துதான். ஆனால் அதில் அளவு இருக்கிறது, எத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. "பேதி மருந்து பேதி மருந்துதான்மா, அளவும் நாளும் தெரியாம மூணு மாசம் சாப்பிடச் சொன்னா அது வைத்தியம் இல்ல" என்றார். சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், உண்மையைச் சொன்னவர் ஒரு சித்த மருத்துவர்தான். அந்த 5 கிலோ கதையும் பொய். குடலின் உட்பூச்சு நாலைந்து நாளுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாக வளர்கிறது, வருஷக்கணக்காக எதுவும் அங்கே ஒட்டிக்கொண்டு கிடக்க முடியாது.

அப்படியானால் மலச்சிக்கலுக்கு என்னதான் செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் டாக்டர் தைராய்டும் சுகரும் பார்த்தார், என் மாத்திரைகளைப் பார்த்தார். ரத்தம் குறைவு என்று நான் இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன், அது மலத்தை இறுக்கும். அம்மாவின் கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். எனக்கு இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக் கொடுத்தார் (நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்தம் இன்னும் குறைந்துவிடும்). பொடியை விட்ட பிறகு குடல் பழைய நிலைக்கு வரும்வரை, மலத்தில் நீரைத் தங்கவைக்கிற ஒரு சிரப்பைச் சில வாரம் கொடுத்து மெல்லக் குறைத்தார்.

சாப்பாட்டில் மாற்றியது ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்கிறது. காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் ஒரு கரண்டி பொரியலும், ராத்திரி வாரத்தில் மூன்று நாள் பரோட்டா என்று இருந்த எனக்கு அதில் பாதி கிடைத்திருந்தாலே அதிசயம். இப்போது சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டிவிட்டேன். அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு, ஏதாவது ஒரு கீரை, வாரத்தில் மூன்று நாள் சுண்டல் அல்லது பாசிப்பயறு, காலையில் இரண்டு நாள் கம்பங்கூழ். தினமும் ஒரு கொய்யா, 100 கிராமுக்கு 5 கிராம் நார் அதிலேயே வந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள், முதல் வாரம் நான் அப்படிச் செய்து வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தபோதுதான் ஒத்துக்கொண்டது. அம்மாவுக்கு ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் (தண்ணீரில் ஊறி உப்புகிற ஒரு விதையின் உமி). அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு அரை டம்ளரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே தொண்டையிலோ குடலிலோ களியாகி அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொன்னார்கள்.

அதைவிட எனக்கு உதவியது நேரம். சாப்பிட்டதும் குடல் தானாகவே அசைய ஆரம்பிக்கும், காலையில் அது அதிகம். அதனால் காலைப் பலகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சாப்பிட்ட கால் மணியில் வந்தாலும் வராவிட்டாலும் போய் உட்கார்ந்துவிடுகிறேன், போனைக் கையில் எடுக்காமல். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. முட்டிவலியால் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காருகிற அம்மாவுக்குக் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். முட்டி இடுப்பைவிட உயர்ந்தால் குந்தி உட்காருகிற மாதிரி வழி நேராகும், முக்க வேண்டியதில்லை. கடையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அண்ணாச்சியிடம் பேசினோம். தாழ்ப்பாள் மாற்றிக் கொடுத்திருக்கிறார், பெண்களுக்குத் தனியாக இன்னும் வரவில்லை. ஆனாலும் இப்போது மேஜையில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். தண்ணீர் மட்டும் குடித்தால் எல்லோருக்கும் சரியாகிவிடாது, என்னை மாதிரி குடிக்காமலே இருந்தவர்களுக்குத்தான் அதில் பெரிய பலன்.

பணம் வரவில்லை. அந்த ஆள் "உங்க அம்மா உடம்பு அப்படி" என்று சொல்லி நம்பரை பிளாக் செய்துவிட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன், மாவட்டச் சித்த மருத்துவ அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியும், மீதிப் பொடியுமே ஆதாரம். மீதி டப்பாக்களைக் கோபத்தில் எறிந்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

விற்கிற சித்த, ஆயுர்வேத மருந்து எதுவானாலும் டப்பாவில் என்னென்ன சரக்கு, தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருந்தே ஆகவேண்டும், சட்டமே அப்படித்தான். என் டப்பாவில் இருந்தது முனிவர் படமும் ஒரு செல்போன் நம்பரும் மட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் திடீரென்று போக்கு மாறுவது, வயிறு உப்பி வாந்தியோடு வாயுவும் பிரியாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் கைவைத்தியமும் வேண்டாம், பொடியும் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். மூலத்தால் வந்த ரத்தம் என்று நானாக முடிவு செய்து இரண்டு வருஷம் இருந்தேன், அப்படி இருந்திருக்கக் கூடாது.

மைனி இன்று காலையிலேயே வீட்டுக்கு வந்தார். டப்பாவையும் தன் மாத்திரைச் சீட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சீட்டில் அம்மா எடுக்கிற அதே பிரஷர் மாத்திரை. பொட்டாசியம் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், சாயங்காலம் ரிசல்ட்.