41,000 ரூபாய் டிசியூவும் 650 ரூபாய் எர்த் ஒயரும்

2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து தங்கை வீட்டுக்காரர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "மச்சான், ஏஎம்டி எடுக்கலாமா, மேனுவலே போதுமா?" ஏஎம்டி என்றால் கிளட்ச் மிதி இல்லாமல் வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது 2019-இல் வாங்கிய பெட்ரோல் ஏஎம்டி. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ், இடவசதி எல்லாம் ஊரறிந்தவை. கியர் மாறும்போது வரும் தலையாட்டலும் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

2024 ஜூலையில் ஒரு மாலை. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது கியர் தானாக நியூட்ரலுக்குப் போய்விட்டது. மீட்டரில் 'என்' மினுங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது. பின்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் பயந்துபோன அம்மா. இருபது நிமிடம் அங்கேயே நின்றோம். திரும்பத் திரும்ப சாவியை அணைத்துப் போட்டதில், கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல முதல் கியர் விழுந்தது. அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் நான்கு முறை இப்படி ஆனது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி0700 என்ற கோடு வந்தது. "டிசியூ போச்சு சார், மாத்திடலாம்." கியரையும் கிளட்ச்சையும் இயக்கும் சின்ன கம்ப்யூட்டர்தான் டிசியூ. 41,000 ரூபாய். கட்டினேன். புது டிசியூவுக்குக் கோடிங் செய்து, கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் கற்றுக்கொடுத்துத்தான் வண்டியைத் தந்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டாவது நாள் வண்டி மறுபடி நின்றது.

என் கோபமெல்லாம் இங்கேதான். பி0700 என்பது கோளாறின் பெயரே இல்லை. "கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ சரியில்லை" என்று டிசியூ இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லி அனுப்பும் தகவல், அவ்வளவுதான். என்ன சரியில்லை என்பது டிசியூவுக்குள் தனி கோடாகப் பதிந்திருக்கும். அதைத் திறந்து படிக்காமலேயே டிசியூவை மாற்றிவிட்டார்கள்!

அப்புறம் பள்ளிக்கரணையில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். டிசியூவுக்குள் போய்ப் பார்த்தார்: பி0882, அதாவது டிசியூவுக்கு வரும் வோல்டேஜ் குறைவு. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை கியர்பாக்ஸ் உடம்பிலும் வைத்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். 1.1 வோல்ட் காட்டியது. 0.2 அளவில்தான் இருக்க வேண்டுமாம்; அதற்கு மேல் காட்டினால் இரண்டுக்கும் நடுவே இணைப்பு சரியில்லை, வோல்டேஜ் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம். பேட்டரித் தட்டைக் கழற்றினால், அடியில் பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட் பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது எங்கள் வேளச்சேரி பார்க்கிங்கில் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதன் மிச்சம் இது. கியர் மாற்றும் ஹைட்ராலிக் பம்ப் ஓடும்போதெல்லாம் கரண்ட்டை நிறைய இழுக்கும். அந்த நேரத்தில் டிசியூவுக்குப் போதாமல் போயிருக்கிறது. காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியதை நான்தான் பேட்டரி பழசு என்று விட்டுவிட்டேன்.

புது எர்த் ஒயர், சுத்தம் செய்த கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். அதற்குப் பிறகு 'என்' ஒருமுறைகூட மினுங்கவில்லை.

நியாயமாகப் பேசினால் கியர்பாக்ஸ் மேல் தப்பே இல்லை. ஓஎம்ஆர் நெரிசலில் டைடல் பார்க்கிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஊர்ந்து போனாலும் இடது முழங்கால் வலிப்பதில்லை. மேனுவலை ஓட்டப் பயந்த என் மனைவி இப்போது தனியாகத் தாம்பரம் போய் வருகிறாள். கதவைத் திறந்ததும் பம்ப் பிரஷர் ஏற்றும் அந்த 'ஙொய்ங்' சத்தம்கூட எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனாலும் அந்த மேம்பாலத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இருபது நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் ஊரில் டிசியூவைத் திறந்து படிக்கத் தெரிந்த ஆள் யார் என்று முதலில் விசாரியுங்கள், மாப்பிள்ளை. அப்படி ஒருவர் இல்லையென்றால் மேனுவலே எடுங்கள். ஒருவர் இருந்தாலும் மேனுவலே எடுங்கள் என்றுதான் இன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

என் வண்டியைக் கொடுப்பேனா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க மாட்டேன்.