உடைப்பதற்கென்றே வாங்கும் ஜெனீவாவின் சாக்லெட் பானை

டிசம்பர் நெருங்கினால், 1602இல் எதிரிப்படையை முறியடித்ததை நினைவுகூரும் 'எஸ்கலாட்' விழாவுக்காக ஜெனீவாவின் சாக்லெட் கடைகளில் மூன்று கால் பானைகள் வரிசைகட்டி நிற்கும். பழைய நகரிலுள்ள சிறு கடையொன்றில் நாங்கள் வாங்கியது, இரு கைகளால் ஏந்தும் அளவிலான கறுப்புச் சாக்லெட் பானை. முகப்பில் பாதிக் கழுகும் சாவியும் சேர்ந்த நகரச் சின்னம். உள்ளே, பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்த மார்ஸிபானில் செய்த சுண்டுவிரல் நீளக் காய்கறிகள்.

பானைக்கும் போருக்கும் உள்ள உறவு 1602இல் தொடங்குகிறது. பழைய நாட்காட்டியின்படி அவ்வாண்டு டிசம்பர் 11 நள்ளிரவுக்குப்பின், ஜெனீவாவைப் பிடிக்க எண்ணிய அண்டை நாடான சவோயின் கோமகன் முதலாம் சார்ல்ஸ் இமானுவேலின் வீரர்கள், கழற்றிப் பூட்டக்கூடிய, கருமை பூசிய ஏணிகளை நகரின் கொரத்தெரி மதிலில் சாய்த்து ஏறினர். அவர்கள் உள்ளிருந்தபடியே புதுவாயிலை வெடிவைத்துத் தகர்க்க, மதிலுக்கு வெளியே பிளேன்பலே திடலில் காத்திருந்த பெரும்படை நுழைந்துவிட வேண்டும் என்பது திட்டம். ஈசாக் மெர்சியே என்ற காவல்வீரர் கயிற்றை அறுத்து வாயிலின் கிராதியை விழச் செய்ததில் அந்தத் திட்டம் அப்படியே முடங்கியது. ஏணிகளை நகரின் பீரங்கி நொறுக்கியது. நகரத்தார் 18 பேர் உயிரிழந்தனர். நகரவாசியான ரொயோம் அம்மையார் கொதிக்கும் காய்கறிச் சூப்பைப் பானையோடு எதிரியின் தலையில் போட்டார் என்பது வழிவழிக் கதை. சூப்பு இருந்ததோ இல்லையோ, மார்ஸிபான் கேரட்டுக்கு அதுவே காரணம்.

சாக்லெட்டில் குறை சொல்ல இடமில்லை: கசப்பு அளவாக இருக்கிறது, மெழுகுத்தன்மை இல்லை. மார்ஸிபான்தான் ஏமாற்றம், பாதாமின் சுவையைவிட எசன்ஸின் வாசனையே தூக்கலாக இருந்தது, கேரட்டின் சாயமோ குழந்தையின் விரலில் மறுநாள்வரை ஒட்டியிருந்தது.

வீட்டில் மூத்தவரும் இளையவரும் கைகோத்து, "குடியரசின் பகைவர் இவ்வாறே அழிந்தனர்" என்று பிரெஞ்சில் சொல்லிப் பானையைக் குத்தி உடைக்கவேண்டும் என்பது விழா வழக்கம். ஆகவே இந்தப் பண்டத்தின் உண்மையான சோதனை ஓட்டின் கனம்தான். சென்ற ஆண்டு வேறொரு கடையில் வாங்கிய பானை நான்கு குத்துகளுக்கும் அசையாததால் சப்பாத்திக் கட்டையைத் தேடவேண்டியதாயிற்று. இம்முறை என் மாமியாரும் ஆறு வயது மகளும் குத்திய முதல் குத்திலேயே பக்கச்சுவர் சரிந்து, காய்கறிகள் மேசையில் உருண்டன. அடிப்பாகம் மட்டும் கனமாக இருந்தது. அதை மறுநாள் பாலில் கரைத்துக் குடித்தோம்.

விலை அதிகம்தான். மூன்று நான்கு பேருள்ள வீட்டுக்கு மிகச்சிறிய அளவே போதும். விழா வார இறுதியில் கடை வாசலில் கூட்டம் நெரியும் என்பதால் முந்தைய வாரமே வாங்கிவிடுவது நல்லது.